மனச்சோர்வும் நம்முடைய நம்பிக்கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. இரண்டு முறை மனச்சோர்வில் விழுந்து எழுந்த ஆள். முதல் முறை சிகிச்சைக்குப் போகவே எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் என்னைத் தடுத்தது பணமோ நேரமோ இல்லை, எனக்குள் ஊறிப்போயிருந்த நாலைந்து நம்பிக்கைகள். 'சோம்பேறித்தனத்துக்கு நோய் என்று பேர் வைக்கக் கூடாது', 'மாத்திரையைத் தொட்டால் பிறகு விடவே முடியாது', 'மனமுருகி வேண்டினால் சரியாகிவிடும், சரியாகவில்லை என்றால் என் வேண்டுதலில்தான் குறை'. அதற்குப் பிறகு இதே நிலையில் இருக்கிற பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள், பெரும்பாலும் தூக்கம் வராத ராத்திரிகளில். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நம்பிக்கை என்று நான் சொல்வதில் கடவுள் நம்பிக்கையும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. தன்னைப் பற்றி, நோயைப் பற்றி, மருந்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேள்வி கேட்காமல் நாம் பிடித்து வைத்திருக்கிற எல்லாம் அதில் சேர்த்திதான்.

மன அழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றுதானே?

இல்லை. தமிழில் டிப்ரெஷனுக்கும் மன அழுத்தம் என்கிறோம், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதையே சொல்கிறோம். இதனால்தான் ஒருவர் வாய் திறந்து சொன்னதுமே 'யாருக்குத்தான் மன அழுத்தம் இல்லை, நானும்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் வருகிறது. சொன்னவர் அதற்கப்புறம் வாயைத் திறப்பதில்லை.

மனநல மருத்துவர்கள் பயன்படுத்துகிற டிஎஸ்எம் கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன. மனம் சோர்ந்தே கிடப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மேல் தூங்குவது, மற்றவர் கண்ணுக்கே தெரிகிற மந்தம் அல்லது இருப்புக்கொள்ளாத தவிப்பு, அசதி, தான் எதற்கும் ஆகாதவர் என்ற எண்ணம் அல்லது அளவு மீறிய குற்ற உணர்வு, எதையும் கவனிக்கவோ முடிவெடுக்கவோ முடியாமல் போவது, சாவைப் பற்றித் திரும்பத் திரும்ப வருகிற எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு அநேகமாக எல்லா நாளும் இருந்து, அந்த ஐந்தில் ஒன்று முதல் இரண்டில் ஏதாவது ஒன்றாகவும் இருந்து, அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட்டால் அதை மனச்சோர்வு என்கிறார்கள். இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், தைராய்டு குறைபாடுகூட ஏறக்குறைய இதே மாதிரி முகம் காட்டும். ஒரு மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டுச் சொல்ல வேண்டியது அது.

அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நின்று கவனியுங்கள். 'நான் எதற்கும் ஆகாதவன்' என்பது அங்கே ஓர் அறிகுறியாக இருக்கிறது, காய்ச்சலில் உடம்பு சுடுகிற மாதிரி. நாம் அதை அறிகுறியாக எடுத்துக்கொள்வதே இல்லை. கடைசியில் கண்டுபிடித்துவிட்ட உண்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் தவறான நம்பிக்கைகளால்தான் மனச்சோர்வு வருகிறதா? என் தப்புதானா?

உங்கள் தப்பு இல்லை. மனச்சோர்வுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒருவருக்கு இது வருவதும் வராததும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மரபணு சார்ந்தது என்று தெரிந்திருக்கிறது. மீதியில் சிறு வயதில் பட்ட அடிகள், இழப்பு, தனிமை, நீண்ட நாள் உடல் நோய், பிரசவத்துக்குப் பிந்தைய மாற்றங்கள், ஓயாத கஷ்டம் என்று நிறைய இருக்கின்றன.

நம்பிக்கைக்கும் இதில் இடம் உண்டு, ஆனால் அது இரண்டு பக்கமும் ஓடுகிற பாதை. 'எல்லாரும் மெச்சினால்தான் நான் மனுஷன்' என்கிற மாதிரியான நம்பிக்கை சின்ன வயதிலிருந்து உள்ளே கிடந்தால், ஒரு தோல்வி வரும்போது அது நம்மைச் சுலபமாகக் கீழே தள்ளும். கீழே விழுந்த பிறகு மனச்சோர்வு தன் பங்குக்குப் புது நம்பிக்கைகளை உண்டாக்கும், அவை இன்னும் கீழே தள்ளும். எது முதலில் வந்தது என்று தோண்டித் துருவ வேண்டிய அவசியம் இல்லை. சுற்றிக்கொண்டிருப்பதை எந்த இடத்தில் பிடித்து நிறுத்தினாலும் வேகம் குறையும்.

ஆனால் அந்த எண்ணங்கள் உண்மை மாதிரியே இருக்கின்றனவே?

இருக்கும். அதுதான் இந்த நோயின் கொடுமை.

ஆரோன் பெக் என்று ஓர் அமெரிக்க மனநல மருத்துவர், 2021-இல் நூறாவது வயதில் இறந்தார். அவர் ஆரம்பத்தில் ஃபிராய்டின் வழியில் வந்தவர். மனச்சோர்வு என்பது உள்பக்கம் திரும்பிய கோபம் என்ற கருத்தை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். கோபத்தை எதிர்பார்த்த இடத்தில் அவருக்குக் கிடைத்தது இழப்பும் தோல்வியும். அப்புறம் 1960-களில் இன்னொன்றையும் கவனித்தார். நோயாளி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும் கதைக்கு அடியில், 'இவருக்கு நான் சலிப்பூட்டுகிறேன்' என்கிற மாதிரி இன்னொரு எண்ண ஓட்டம், சொன்னவருக்கே சரியாகத் தெரியாமல், ஓடிக்கொண்டிருந்தது. நம்மைக் கேட்காமல் தானாக வருகிற இந்த எண்ணங்கள் மூன்று விஷயங்களைச் சுற்றியே வருகின்றன என்றார்: நான் சரியில்லை, உலகம் சரியில்லை, இனிமேலும் சரியாகாது. சிபிடி என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிற பேச்சு சிகிச்சைக்கு அங்கேதான் விதை விழுந்தது.

என் கதையில் ஒரு சின்ன நாளைச் சொல்கிறேன். நெருங்கிய நண்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. அரை மணி நேரத்தில் என் மனம் ஒரு தீர்ப்பே எழுதிவிட்டது: அவருக்கு என்னைக் கண்டால் எரிச்சல், ரொம்ப நாளாகவே அப்படித்தான், இரக்கப்பட்டுப் பழகுகிறார். இது எனக்கு ஊகமாகத் தோன்றவே இல்லை, பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் மாதிரி இருந்தது. என் உளவியலாளர் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லியிருந்தார். முதலில் நடந்தது என்ன, அடுத்து மனம் சொன்னது என்ன, மூன்றாவதில் வேறு என்னவாக இருக்கலாம். அன்றைக்கு முதல் பத்தியில் எழுத எனக்குக் கிடைத்தது ஒரே வரி: 'படித்தார், பதில் எழுதவில்லை'. இரண்டாவது பத்தி ஒன்றரைப் பக்கம் போனது. மூன்றாவதில் ஒரு வார்த்தைகூட எழுத முடியவில்லை, பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒரு வரிக்கும் ஒன்றரைப் பக்கத்துக்கும் இருந்த அந்த வித்தியாசம் கண்ணில் பட்டதே, அதுதான் எனக்கு முதல் வெளிச்சம். நண்பர் சாயங்காலம் கூப்பிட்டார். வண்டியில் இருந்தாராம்.

அப்படியானால் நல்லதையே நினைத்தால் போதுமா? 'நான் அருமையானவன்' என்று தினமும் சொல்லிக்கொள்ளட்டுமா?

வேண்டாம். 2009-இல் கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களை 'நான் அன்புக்குரிய ஆள்' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது அவர்களுடைய மனநிலை இன்னும் மோசமானது. நம்பாத ஒன்றை வாயால் சொன்னால் மனம் உள்ளேயிருந்து எதிர்வாதம் செய்யும், அந்த வாதத்தில் அதுவே ஜெயிக்கும். சிபிடி நல்லதை நினைக்கச் சொல்வதில்லை. 'இதற்கு என்ன ஆதாரம்' என்று கேட்கச் சொல்கிறது. சில சமயம் ஆதாரம் நமக்கு எதிராகவே இருக்கும், வேலை போயிருக்கும், உறவு முறிந்திருக்கும். அப்போது அதை ஒப்புக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி.

மன உறுதி இருந்தால் போதாதா?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னமும் கோபம் வரும், கேட்பவர் மேல் இல்லை, இந்தக் கருத்து எத்தனை பேரை வருடக்கணக்கில் ஒளிந்து வாழ வைத்திருக்கிறது என்பதை நினைத்து. மனச்சோர்வில் இருக்கிறவர் பல் தேய்க்க எழுந்து போவதற்குச் செலவழிக்கிற உறுதி, நன்றாக இருக்கிறவருக்கு ஒரு முழு நாளுக்குத் தேவைப்படாது. உறுதி இல்லாமல் இல்லை, அது எல்லாமே மூச்சு விட்டுக்கொண்டு நடமாடுவதற்கே தீர்ந்துபோகிறது. உறுதிதான் மருந்து என்று நம்புகிறவர் இன்னொரு வலையிலும் மாட்டுகிறார்: சரியாகாத ஒவ்வொரு நாளும் 'பார், உனக்கு உறுதி இல்லை' என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. பக்தி குறைந்ததால்தான் இது வந்ததா? சிகிச்சைக்குப் போவது நம்பிக்கையின்மை ஆகாதா?

ஆழ்ந்த பக்தி உள்ளவர்களுக்கும் மனச்சோர்வு வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் எழுதிய துதிப்பாடல்களைத் தேவாலயங்களில் இன்றும் பாடுகிறார்கள். அவரோ கடவுள் தன்னை நிரந்தரமாகக் கைவிட்டுவிட்டார் என்று நம்பிக்கொண்டே கடைசிக் காலத்தைக் கழித்தார். பக்திக்கு அவரிடம் என்ன குறை?

நோய் நம் மனதில் இருக்கிற பாஷையிலேயே பேசுகிறது. கடவுளை நம்புகிறவரிடம் 'நீ மன்னிக்க முடியாத பாவி' என்கிறது, நம்பாதவரிடம் 'எதற்கும் அர்த்தமே இல்லை' என்கிறது. வார்த்தைதான் வேறு.

கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் ரொம்ப நாளாக இதை ஆராய்ந்தவர். துன்பத்தில் மதத்தைப் பற்றிக்கொள்வதில் இரண்டு விதம் இருக்கிறது என்று அவர் பிரித்துக் காட்டினார். கடவுள் என்னோடு இருக்கிறார், இந்தச் சமூகம் என்னைத் தாங்குகிறது என்று பற்றிக்கொள்வது ஒன்று, அது பலருக்கு உண்மையிலேயே தெம்பு தருகிறது. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டாவது வகை கூடக்கூட மனச்சோர்வும் கூடவே அதிகமாகக் காணப்படுகிறது. ஆகவே நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதைவிட, உங்கள் மனதில் இருக்கிற கடவுள் உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் நண்பர் யாராவது இதே நிலையில் வந்து அழுதால், கடவுள் அவரையும் இப்படித்தான் கைவிட்டிருப்பார் என்று சொல்வீர்களா?

சிகிச்சையும் பிரார்த்தனையும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. 2015-இல் ஹெரால்ட் கோனிக் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாள்பட்ட உடல் நோயோடு மனச்சோர்வும் இருந்த 132 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சிபிடி கொடுத்தார்கள், இன்னொரு பாதிக்கு அவரவர் மதத்தின் நூல்களையும் நம்பிக்கைகளையும் உள்ளே கொண்டுவந்த சிபிடி. கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம், இந்து, பௌத்தம் என்று தனித்தனியாகக் கையேடே தயாரித்திருந்தார்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆழ்ந்த பக்தி உள்ளவர்களுக்கு மட்டும் மதத்தோடு சேர்ந்த முறை சற்றுக் கூடுதலாகப் பலன் தந்தது போலத் தெரிந்தது. கண் சிகிச்சைக்குப் போகும்போது யாரும் தன் பக்தியைச் சந்தேகிப்பதில்லை. இதற்கு மட்டும் ஏன்?

எனக்கு எந்த மதமும் இல்லை. அதனால் எனக்கு ஏதாவது குறைகிறதா?

இல்லை. மதம் பலருக்குத் தருகிற விஷயங்களில் கூடிப் பேசும் மனிதர்கள், நாளுக்கு ஓர் ஒழுங்கு, தன்னைவிடப் பெரிய ஒன்றோடு பிணைப்பு என்பவை வேறு வழிகளிலும் கிடைக்கும். சிகிச்சைக்கு நம்பிக்கையும் தடை இல்லை, நம்பிக்கையின்மையும் தடை இல்லை.

இது விதி, என் கையில் ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது.

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் நிற்காத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பிறகு ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோதும் பெரும்பாலும் அப்படியே படுத்துக் கிடந்தன. கொடூரமான சோதனைதான், படிக்கும்போதே மனசு கனக்கும். உதவியற்ற நிலையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று விளக்கினார்கள். அதே இருவரும் ஐம்பது வருடங்கள் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் விளக்கத்தையே திருத்தினார்கள். நீண்ட நேரம் துன்பம் தொடர்ந்தால் செயலற்றுப் போவதுதான் மூளையின் இயல்பான எதிர்வினை, 'என்னால் ஏதாவது செய்ய முடியும்' என்பதுதான் அதன்மேல் கற்றுக்கொள்ளப்படுகிற விஷயம் என்றார்கள்.

எனக்கு இது பெரிய ஆறுதல் தந்த செய்தி. 'என்னால் முடியாது' என்று முடங்கியிருப்பது என் குணக்கேடு இல்லை, அடிபட்ட எந்த உயிருக்கும் ஆவது. கற்றுக்கொள்வதை மிகச் சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம். நான் தொடங்கியது படுக்கை விரிப்பை மடிப்பதில். அது மட்டும்தான், ஒரு வாரம் முழுக்க. விதியை நம்புகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்பேன்: மருத்துவரிடம் போவதும் உங்கள் விதியில் எழுதியிருக்கலாமே, இல்லை என்று எப்படித் தெரியும்?

மூளையில் ரசாயனம் குறைந்ததால் வருகிறது என்கிறார்கள். அதையே நம்பிக்கொள்ளலாமா? அப்போது குற்ற உணர்வு குறையுமே.

குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1950-களில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனயாசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனநிலையையும் தூக்கி நிறுத்தியது தற்செயலாகத் தெரியவந்தது. 1957-இல் சுவிட்சர்லாந்தின் ரோலாண்ட் கூன் இமிப்ரமின் பற்றி எழுதினார். இந்த மருந்துகள் மூளையில் செய்தி கடத்துகிற செரடோனின் போன்ற ரசாயனங்களைக் கூட்டுகின்றன, அப்படியானால் நோயில் அவை குறைந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி ஊகித்தார்கள். அந்த ஊகம்தான் 'ரசாயனச் சமநிலை கெட்டுவிட்டது' என்று மக்களிடம் பரவியது. 2022-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களிடம் செரடோனின் குறைந்திருக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. அதற்கு முன்பே துறைக்குள் பலர் இந்த எளிய விளக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் இன்னொரு ஆய்வு முக்கியம். 2014-இல் அமெரிக்காவில், மனச்சோர்வு அனுபவம் உள்ள மாணவர்களுக்கு ஒரு போலிப் பரிசோதனை செய்து, 'உங்களுடையது ரசாயனக் குறைபாட்டால் வந்தது' என்று ஒரு பகுதியினரிடம் சொன்னார்கள். அவர்களுடைய சுயபழி குறையவில்லை. மாறாக, 'இது சீக்கிரம் போகாது', 'என் மனநிலையை என்னால் மாற்ற முடியாது' என்ற எண்ணம் கூடியது. உடல் சார்ந்த காரணமும் இதில் உண்டு, அதில் பொய் இல்லை. அதை மாற்றவே முடியாத பழுது என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு இருக்கிறது. பேசுவது, நடப்பது, தூங்குவது எல்லாமே மூளையைத் தொடுகிறவைதான்.

அப்போது மாத்திரைகள் பொய்யா?

இல்லை. தலைவலி மாத்திரை கேட்கிறது என்பதால் உடம்பில் அந்த மாத்திரை குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று ஆகாது, அது மாதிரி. காரணத்தைப் பற்றிய விளக்கம் தவறலாம், மருந்து வேலை செய்யலாம். 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 21 மருந்துகளை, 522 சோதனைகளை, 1,16,477 பேரின் தகவல்களைப் பார்த்தது. 21-ம் பிளாசிபோ எனப்படும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தந்தன. சராசரியில் வித்தியாசம் பெரிது இல்லை என்பதும் உண்மை. சராசரி அப்படி, ஆளுக்கு ஆள் நிறைய மாறும்.

எனக்கு மருந்தில் நம்பிக்கையே இல்லை. இருந்தும் வேலை செய்யுமா?

நம்பிக்கைக்குச் சக்தி உண்டு, ஒளிக்கவில்லை. மனச்சோர்வு மருந்துச் சோதனைகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே சுமார் 35 முதல் 40 சதவீதம் பேர் கணிசமாகத் தேறியிருக்கிறார்கள். எதிர்பார்ப்பு, கவனித்துக்கொள்ளும் மனிதர்கள், காலப்போக்கில் தானாகத் தேறுவது எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது.

அதே சக்தி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2007-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம் இது. 26 வயது இளைஞர் ஒருவர் மனச்சோர்வு மருந்துச் சோதனையில் சேர்ந்திருந்தார். ஒருநாள் மனமுடைந்து கையிலிருந்த 29 மாத்திரைகளையும் விழுங்கிவிட்டார், அப்புறம் பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடினார். ரத்த அழுத்தம் சரிந்திருந்தது, இதயம் படபடத்தது, சலைன் ஏற்றி ஏற்றித்தான் தாங்கிப் பிடித்தார்கள். சோதனையை நடத்திய மருத்துவர் வந்து, அவருக்குக் கொடுக்கப்பட்டவை வெற்று மாத்திரைகள் என்று சொன்னார். பதினைந்து நிமிடத்தில் ரத்த அழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

ஆகவே 'இது என்னை நாசமாக்கும்' என்று நடுங்கிக்கொண்டே மாத்திரை போட்டால், ஒவ்வொரு சின்ன உடல் மாற்றமும் பூதாகரமாகத் தெரியும். அதற்காக நம்பினால்தான் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முதல் மாத்திரைப் பட்டையை எடுத்தபோது எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. நாலாவது வாரத்தில் ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தேன். அதற்கு முன் எத்தனை நாள் திறக்காமலே இருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என் மனம் மாறிவிட்டது என்று நான் நம்புவதற்கு முன்னாடியே என் கை ஜன்னலுக்குப் போயிருந்தது.

அடிமையாகிவிடுவேனா? என் குணமே மாறிவிடுமா?

போதைப்பொருள் மாதிரி ஏக்கமோ, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வெறியோ இந்த மருந்துகளால் வருவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் சிலருக்கு வரும், சிலருக்குக் கடுமையாகவே வரும். அதனால் நிறுத்துவதை மருத்துவரோடு பேசி, மெல்ல மெல்லக் குறைத்துச் செய்ய வேண்டும். இதை முதல் நாளே சொல்லாத மருத்துவர்கள் இருக்கிறார்கள், அது தவறு, நீங்களே கேட்டுவிடுங்கள்.

பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே எட்டிப் பார்க்கும். குமட்டல், தூக்க மாற்றம், தாம்பத்திய ஆசை குறைவது, சிலருக்கு உணர்ச்சியே மரத்துப்போன மாதிரி இருப்பது. இவை உண்மையானவை, உங்கள் கற்பனை இல்லை, சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றுவார்கள். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது, அதனால் கூட இருக்கிறவர்கள் அந்த நாட்களில் கண்வைத்திருக்க வேண்டும். எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், வேகம் தலைக்கேறிய நாட்கள் உங்கள் வாழ்க்கையில் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது பைபோலார் எனப்படும் இருதுருவக் கோளாறாக இருந்தால் சிகிச்சையே வேறு.

ஒரு மருந்து கேட்கவில்லை. எனக்கு எதுவும் கேட்காது என்று அர்த்தமா?

இல்லை. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரைச் சேர்த்து நடந்த ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்திலேயே அறிகுறிகள் நீங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களில் கணிசமானவர்கள் அடுத்தடுத்த முயற்சிகளில் தேறினார்கள். 'எனக்கு எதுவும் கேட்காது' என்பதில் 'இனிமேலும் சரியாகாது' என்ற அந்தப் பழைய குரல் கேட்கிறதா?

கவுன்சலிங் வெறும் பேச்சுதானே? அதுவும் அவர் என் நம்பிக்கையைக் கிண்டல் செய்தால்?

வெறும் பேச்சு மட்டும் இல்லை. 1996-இல் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழுவினர் சிபிடியைப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணங்களைத் தொடவே தொடாமல், நாளுக்கு நாள் சின்னச் சின்ன வேலைகளைத் திட்டமிட்டுச் செய்ய வைக்கிற பகுதியை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். முழுச் சிகிச்சை எடுத்தவர்கள் அளவுக்கே அவர்களும் தேறினார்கள்.

கிண்டல் விஷயத்துக்கு வருவோம். நான் முதலில் போன கவுன்சலர் என் பிரார்த்தனைப் பழக்கத்தைக் கேட்டதும் லேசாகச் சிரித்தார். அவருக்கு அது ஒரு நொடி, எனக்கு அடுத்த நாலு மாதம் யாரிடமும் போகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். இன்று யோசித்தால், அவரை விட்டது சரி, சிகிச்சையையே விட்டது தவறு. இரண்டாவது ஆளிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட்டேன்: 'நான் நம்புகிற ஆள். அது உங்களுக்குப் பிரச்சினையா?' அவர் சொன்ன பதில், 'நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் உங்களுக்கு அது என்னவாக இருக்கிறது என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்ள வேண்டும்.' அது போதும். இருவருக்கும் ஒரே நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: மாத்திரையை நிறுத்து, நம்பினால் போதும் என்று சொல்கிற ஆன்மிக ஆலோசகரிடமிருந்தும் விலகி வாருங்கள்.

நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றுகிறது.

இதைப் படிக்கிற இந்த நேரத்தில் அப்படித் தோன்றினால், மீதியை அப்புறம் படிக்கலாம். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் இந்த வரியையே காட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு எண்ணையோ கூப்பிடுங்கள், அருகிலுள்ள மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தனியாக இருக்காதீர்கள். கைக்கு எட்டுகிற ஆபத்தான பொருளை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

'நான் எல்லாருக்கும் பாரம்' என்பது தற்கொலையை ஆராய்கிறவர்கள் மிகுந்த கவலையோடு கவனிக்கிற நம்பிக்கை. தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005-இல் முன்வைத்த விளக்கத்தில் அதற்கு மைய இடம் உண்டு. உள்ளிருந்து பார்க்கிறவருக்கு அது கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி தெரியும். ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதே நோய்தான். யாருக்கு நீங்கள் பாரம் என்று நினைக்கிறீர்களோ அந்த மனிதரிடம் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கேட்டேன், அக்கா பதிலே சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் அவர் நம்ப மறுக்கிறார். எப்படிப் பேசுவது?

நோயின் பெயரை வைத்து வாதம் செய்யாதீர்கள். 'உங்களுக்கு டிப்ரெஷன்' என்றால் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று வரும், அதோடு கதவு சாத்தப்படும். அவரே ஒப்புக்கொள்கிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: தூக்கம் இல்லை, உடம்பு வலி, பசி இல்லை, எரிச்சல். 'ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறீர்களே, அதற்கு மட்டும் மருத்துவரைப் பார்ப்போம்' என்றால் பலர் வருவார்கள். அவருடைய நம்பிக்கையை உடைக்கப் பார்க்காதீர்கள். அவர் மதிக்கிற பெரியவரோ மதகுருவோ சிகிச்சையை ஆதரிக்கிறவராக இருந்தால் அவரையே பேசச் சொல்லுங்கள்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஆய்வுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே ஆசுவாசமாக இருக்கும்.

அப்புறம், 'நம்புகிறேன்' என்று அவர் வாயால் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். அக்கா என்னை எதையும் நம்ப வைக்கப் பார்க்கவே இல்லை. ஒரு காலையில் செருப்பைக் கொண்டுவந்து என் கால் பக்கத்தில் வைத்தாள். 'நீ நம்ப வேண்டாம், கூட வா போதும், பேசப் பிடிக்கவில்லை என்றால் நான் பேசுகிறேன்' என்றாள். போகும் வழியெல்லாம் இது வீண் வேலை என்றே நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் மருத்துவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, 'தூக்கம் எப்படி இருக்கு?' என்றார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.